ஞாயிறு மாலை, பாயில் ஒரு வட்டம்: திருப்பூரில் புலம்பெயர் தொழிலாளர்களோடு படிக்கத் தொடங்குவோருக்கு

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத் தொழிலாளர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கலாம் என்று நல்ல மனத்தோடு கிளம்புகிறவர்கள் முதலில் வாங்குவது அரிச்சுவடி. முதல் ஞாயிறு அறை நிறையும். ‘அ - அம்மா, ஆ - ஆடு’ என்று தொடங்குவார்கள். மூன்றாம் ஞாயிறு நான்கு பேர்தான் இருப்பார்கள். வாரம் ஆறு நாள் பன்னிரண்டு மணி நேரம் தையல் மெஷினில் உட்கார்ந்தவருக்கு ஆடு படம் எதற்கு? அவருக்குச் சம்பளத்தில் பிடித்தம் எவ்வளவு என்று தெரிய வேண்டும், பல்லடம் பஸ் எது என்று தெரிய வேண்டும்.

எழுத்தையும் உரிமையையும் சேர்த்தே படிக்கும் மக்கள் கல்வி முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரேசிலின் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் 1963-இல் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரேயின் குழு உழைப்பாளிகள் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு கொடுக்க முயன்றது. அந்த மக்கள் வாழ்வில் புழங்கும் சொற்களே பாடமாயின. 1964-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஃபிரெய்ரே சிறைக்குப் போனார், பிறகு நாட்டைவிட்டே போக நேர்ந்தது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜான்ஸ் தீவில் 1957-இல் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய குடியுரிமைப் பள்ளியை நடத்திய பெர்னீஸ் ராபின்சன் ஆசிரியை அல்லர், சிகை அலங்காரம் செய்பவர். வந்தவர்களிடம் முதலில் என்ன படிக்க வேண்டும் என்று கேட்டார். கையெழுத்துப் போட வேண்டும், வாக்காளர் பதிவுப் படிவத்தை வாசிக்க வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம். நம் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் கல்குவாரிப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கேரள எழுத்தறிவு இயக்கம் 2017-இல் பெரும்பாவூரில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பிக்கும் ‘சங்ஙாதி’ (தோழன்) திட்டத்தைத் தொடங்கியது.

இவை எல்லாவற்றிலும் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கேள்வி அவர்களுடையதாக இருக்க வேண்டும். கீழே வருபவை எல்லாம் அதற்கான வேலைமுறை.

முதல் நான்கு ஞாயிறு: வகுப்பே வேண்டாம்

காதர்பேட்டை, ரயில் நிலையம், பழைய பஸ் ஸ்டாண்டு, அனுப்பர்பாளையத்து லைன் வீடுகள், செல்போன் ரீசார்ஜ் கடைகள், சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் கூட்டம் சேரும் மளிகைக் கடைகள் இவற்றில் நான்கு வாரம் அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருங்கள். இருவராகப் போங்கள், அதில் ஒருவர் இந்தியோ வங்காளமோ ஒடியாவோ பேசுபவராக இருக்கட்டும். எந்தச் சொல்லை அவர்கள் தமிழிலேயே சொல்கிறார்கள், எதைக் கேட்டதும் குரல் மாறுகிறது, எந்தத் தாளைப் பையில் மடித்து வைத்திருக்கிறார்கள் என்பவற்றை அன்று இரவே நோட்டில் எழுதுங்கள். எதிரில் நின்று குறிப்பெடுத்தால் கணக்கெடுக்க வந்தவர் என்று நினைத்து ஒதுங்கிவிடுவார்கள்.

இங்கே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, எல்லாரையும் ‘இந்திக்காரர்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது. பீகாரிலிருந்து வந்தவர் வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ மகஹியோ பேசுவார். ஜார்க்கண்ட்காரர் தாய்மொழி சந்தாலியாக இருக்கலாம், அதற்கு ஒல் சிக்கி என்று தனி எழுத்தே உண்டு. ஒடியா பேசும் பெண்ணுக்கு இந்தி எழுத்து வாசிக்க வராமல் போகலாம். ஆகவே துண்டறிக்கையை இந்தியில் மட்டும் அச்சிட்டால் பாதிப்பேருக்குச் சேராது. வாய்மொழி அழைப்பே மேல். ‘வடக்கன்’ என்ற சொல் உங்கள் குழுவில் யார் வாயிலும் வரக் கூடாது. தமிழ் தெரியாதவருக்கும் அந்தச் சொல் மட்டும் நன்றாகவே தெரியும்.

நான்கு வாரம் முடிந்ததும் கேட்ட சொற்களிலிருந்து 16 முதல் 18 சொற்களைத் தேர்ந்தெடுங்கள். சொல் கனமானதாக இருக்க வேண்டும், அதைச் சொன்னதும் பேச்சு பிறக்க வேண்டும். எழுத்துகளும் பலவகையாக வர வேண்டும். கூலி, வாடகை, பாக்கி, ஷிப்ட், லீவு, ஊசி, தண்ணீர், பஸ், ரேஷன், மருந்து, பிடித்தம், கையெழுத்து, கடன், ஊர் போன்றவை திருப்பூரில் தவறாமல் வரும்.

இடம், நேரம், பொருள்

கம்பெனி ஹாஸ்டலிலும் காண்ட்ராக்டர் வீட்டிலும் நடத்தாதீர்கள். அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கட்சி அலுவலகமும் வழிபாட்டிடமும் ஒரு பகுதியினரை வெளியே நிறுத்திவிடும். நூலகம், அரசுப் பள்ளி வகுப்பறை (தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்), லைன் வீட்டு மொட்டை மாடி இவை பொருந்தும். ஞாயிறு காலையில் துணி துவைப்பு, சந்தை, ஊருக்குப் போன், தூக்கம் எல்லாம் இருக்கும். சில கம்பெனிகளில் மதியம் வரை வேலையும் இருக்கும். மாலை 4 முதல் 5.30 வரை பெரும்பாலும் ஒத்துவரும், ஆனாலும் அவர்களிடம் கேட்டே வையுங்கள். ஹாஸ்டல் பெண்களுக்கு வெளியே வர வாரத்தில் சில மணி நேரமே கிடைப்பது வழக்கம். அவர்களுக்கு நேரம் தனியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு வட்டத்தில் 15 பேர், மிஞ்சினால் 20. நடத்த இருவர்: ஒருவர் பேச்சை நடத்த, மற்றவர் மொழிபெயர்க்கவும் பேசாமல் இருப்பவரைக் கவனிக்கவும். தேவைப்படும் பொருள்கள் குறைவு: பெரிய பாய் 3, சார்ட் தாள் 10, தடித்த மார்க்கர் 4, தபால் அட்டை அளவு வெட்டிய அட்டை 100, கோடில்லாத நோட்டு ஆளுக்கு ஒன்று, பென்சில், தேநீர் டம்ளர் 20. அட்டையில் எழுத்து 5 செ.மீ. உயரம் இருந்தால் வட்டத்தின் எதிர்முனையிலிருந்தும் தெரியும். இவற்றோடு வாசிப்புக் கண்ணாடி நான்கைந்து, +1 முதல் +2.5 வரை வெவ்வேறு பவரில் வாங்கி வையுங்கள். நாற்பது தாண்டிய டெய்லர் ‘எனக்குப் படிப்பு ஏறாது’ என்று சொல்வதன் பின்னால் பல நேரம் வெள்ளெழுத்துதான் இருக்கிறது. பெஞ்சு, நாற்காலி வேண்டாம். பெஞ்சு போட்டால் அது பள்ளிக்கூடம் ஆகிவிடும், பள்ளியில் அடிபட்டு விலகியவர் மறுபடி ஓடிவிடுவார்.

இன்னொன்று. அங்கிகோஸின் 40 மணி நேரத்தை ஞாயிற்றுக்கு ஒன்றரை மணியாகப் பிரித்தால் 27 வாரம் ஆகும், அதாவது அரை வருடம். அதற்குள் பாதிப்பேர் கம்பெனி மாறுவார்கள் அல்லது தன்பாத் எக்ஸ்பிரஸில் ஊர் போய்விடுவார்கள். சட் பூஜை, துர்கா பூஜை, ஹோலி சமயத்தில் வட்டமே காலியாகும். அதனால் ‘சென்ற வாரம் பார்த்தோமே’ என்று தொடங்கும் பாடம் இங்கே எடுபடாது. ஒவ்வொரு ஞாயிறும் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும். முதல்முறை வருபவர் கையில் ஒரு பொருளோடு போக வேண்டும்.

ஒரு ஞாயிறின் தொண்ணூறு நிமிடம்

முதல் 10 நிமிடம் தேநீர், பெயர், ஊர். அடுத்த 30 நிமிடம் ஒரு படம் அல்லது பொருள் நடுவில்: ஊசி குத்திய விரலின் படம், காலித் தண்ணீர்க் குடம், சம்பள உறை. ‘இதில் என்ன தெரிகிறது? நம்மிடம் இப்படி நடக்கிறதா? ஏன் நடக்கிறது? என்ன செய்யலாம்?’ என்று இந்த நான்கு கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். முதல் கேள்வியிலிருந்து நான்காவதுக்குத் தாவினால் நீங்கள் அறிவுரை சொல்ல ஆரம்பிப்பீர்கள், அவர்கள் தலையாட்ட ஆரம்பிப்பார்கள். கேள்வி கேட்டபின் மௌனம் வந்தால் மனத்துக்குள் இருபதுவரை எண்ணுங்கள். மொழிபெயர்ப்புக்கே பத்து விநாடி போய்விடும்.

அடுத்த 30 நிமிடம் அந்தப் பேச்சின் மையச் சொல். ‘கூலி’ என்ற அட்டையை வையுங்கள். இரண்டாக வெட்டுங்கள்: கூ, லி. கூவின் கீழே க, கா, கி, கீ, கு, கூ. லியின் கீழே ல், ல, லா, லி, லீ, லு, லூ. இனி அவர்களே சேர்க்கட்டும். ‘காலி’, ‘கீல்’, ‘கால்’ என்று வரும். பொருளில்லாத கூட்டும் வரும், விட்டுவிடுங்கள், அவர்களே கண்டுபிடித்து விலக்குவார்கள். தாய்மொழியில் எழுதத் தெரிந்தவருக்கு இது வேகமாக ஏறும், ஏனென்றால் இந்தியின் பாரகடி வாய்பாடும் நம் உயிர்மெய் வரிசையும் ஒரே அமைப்பு. அதைச் சொல்லிக்காட்டினால் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

சிக்கல் எங்கே வரும் என்று முன்பே தெரிந்துகொள்வது நல்லது. இந்தி பேசுபவருக்கு எ - ஏ, ஒ - ஓ குறில் நெடில் வேறுபாடு கேட்காது, அவர் மொழியில் நெடில்தான் உண்டு. ‘பெட்டி’, ‘பேட்டி’ இரண்டையும் வாயால் பலமுறை சொல்லிக் காட்டிய பிறகே எழுத வேண்டும். ‘க’ ஒன்றே மூன்று ஒலிக்கு வருவது எல்லாரையும் குழப்பும். தங்கள் பெயரை எழுதும்போதே இது வந்துவிடும். ‘கோபால்’, ‘கோமல்’ என்று எழுதி இரண்டு ‘கோ’வையும் சொல்லிக் காட்டினால் போதும், இலக்கண விதி தேவையில்லை. ‘கொ’வில் குறி இருபக்கமும் வருவது இந்திக்காரருக்குப் புதிது. வங்காளம், ஒடியா எழுத்து தெரிந்தவருக்குத் தங்கள் எழுத்திலும் அப்படித்தான் என்பதால் சிரமமே இல்லை. அவர்களையே பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். ள ஒடியாவில் உண்டு, வங்காளத்தில் இல்லை. ழ யாருக்கும் வராது, அதற்காக நிற்காதீர்கள்.

பேச்சுத் தமிழில் முதல் பாடம் ‘ங்க’. பெரும்பாலோர் தமிழைக் கற்றது சூப்பர்வைசர் அதட்டலிலிருந்து. அதனால் வா, போ, எடு, சீக்கிரம் என்பவைதான் தெரியும். அதையே வீட்டுக்காரரிடமும் கடைக்காரப் பெரியவரிடமும் சொல்ல, ‘மரியாதை இல்லை’ என்று சண்டை வருகிறது. வாங்க, சொல்லுங்க, எவ்வளவுங்க, சரிங்க என்ற நான்கு சொல் கொங்கு நாட்டில் கதவு திறக்கும். எண்ணிலும் ‘ஒண்ணரை’, ‘முக்கால்’, ‘ரெண்டரை’ கட்டாயம், கூலிக் கணக்கு இவற்றில்தான் நடக்கிறது. இந்தியின் ‘டேட்’, ‘டாயி’யோடு இணைத்தால் உடனே நிற்கும்.

கடைசி 20 நிமிடம் ஒரு தாளை வாசித்தல் அல்லது ஒரு வேலையைச் செய்து பார்த்தல்: பஸ் போர்டு, படிவத்தில் பெயர், மாத்திரை அட்டையின் காலாவதித் தேதி.

சம்பளத் தாள் வாரம்

இது ஒன்றுக்கே மூன்று ஞாயிறு ஒதுக்குங்கள். முதல் வாரம் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு நுழைந்து இரவு எட்டரைக்கு வெளியே வருவதைத் திருப்பூரில் ‘ஒண்ணரை ஷிப்ட்’ என்பார்கள். எடுத்துக்காட்டுக்கு ஒரு ஷிப்ட் கூலி 600 ரூபாய், வேலை 8 மணி, கூடுதல் 4 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை ஷிப்டுக்கு 900 கிடைக்கும். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். மணிக்கு 75, இரட்டிப்பு 150, நான்கு மணிக்கு 600. ஆக 1,200. ஒரு நாளுக்கு 300, ஆறு நாளுக்கு 1,800 வித்தியாசம். இந்தக் கணக்கை நீங்கள் போடாதீர்கள். தாளில் கட்டம் மட்டும் வரைந்து கொடுங்கள், அவர்களே போடட்டும். விடை வந்ததும் அறை சற்று நேரம் அமைதியாக இருக்கும். அந்த அமைதியை உங்கள் பேச்சால் நிரப்பாதீர்கள்.

இரண்டாம் வாரம் பிடித்தம். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குத் தொழிலாளர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு. பி.எஃப். (வருங்கால வைப்புநிதி) இருவரும் 12 சதவீதம். மாதம் 14,000 ரூபாய் முழுவதற்கும் பிடிப்பதாக வைத்தால் இ.எஸ்.ஐ. 105, பி.எஃப். 1,680, கையில் 12,215. பலர் இதை ‘கம்பெனி வெட்டிக்கொள்கிற பணம்’ என்றே நினைத்திருப்பார்கள். பி.எஃப். திரும்ப வரும் பணம். இ.எஸ்.ஐ.யில், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வேலையில் அடிபட்டாலும் கூலியில் 90 சதவீதம் உண்டு. நோய்க்கு, தேவையான 78 நாள் சந்தா இருந்தால், வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதம். ஊரிலுள்ள குடும்பத்துக்கு அங்கேயே மருந்தகம் குறித்துக்கொள்ளவும் வழியுண்டு. பிடித்தம் உண்டு, எண் தரவில்லை என்றால் அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இ.எஸ்.ஐ. எண் 10 இலக்கம், பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். (கம்பெனி மாறினாலும் மாறாத எண்) 12 இலக்கம். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் அட்டையிலும் 12 இலக்கத்தில் யு.ஏ.என். என்றே இருக்கும், 2021-இல் தொடங்கிய அந்தப் பதிவு பி.எஃப். அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘எனக்கு பி.எஃப். இருக்கிறது’ என்று நம்பியிருப்பவர் ஏராளம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

மூன்றாம் வாரம் பெயர் எழுத்து. ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், பி.எஃப். கணக்கில் வேறு, வங்கியில் இன்னொன்று. ‘குமாரி’ கல்யாணத்துக்குப் பின் ‘தேவி’ ஆவது, ‘எம்.டி.’ என்று சுருங்கிய முகம்மது, பிறந்த தேதி ஜனவரி 1 என்று போட்டுவிடுவது இவைதான் பணம் எடுக்கும்போது விண்ணப்பம் திரும்பிவரக் காரணம். மூன்றையும் ஒரு அட்டையில் அவரவர் எழுதி ஒப்பிட வேண்டும். வேலையில் இருக்கும்போதே திருத்துவது எளிது, ஊருக்குப் போய்விட்டால் கம்பெனி கையெழுத்துக்கு அலைய வேண்டும்.

ரேஷனுக்கும் ஒரு ஞாயிறு கொடுங்கள். தமிழ்நாடு 2020 அக்டோபர் முதல் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இருக்கிறது. பீகார் அட்டைக்காரர் தம் பங்கை இங்கேயும், வீட்டார் தம் பங்கை ஊரிலும் வாங்கலாம். தமிழ்நாட்டு அட்டைக்கான அரிசி இதில் வராது என்பதை முதலிலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் கடை வாசலில் ஏமாற்றம். குழந்தை இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: கல்வி உரிமைச் சட்டப்படி மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று எட்டாம் வகுப்பு வரை பள்ளியில் சேர்க்க மறுக்க முடியாது.

சட்டப் பிரிவு எண்களை மனப்பாடம் செய்விக்க வேண்டாம். பழைய தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துள்ளன, எண்கள் மாறிவிட்டன. குறைந்தபட்சக் கூலித் தொகையை ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் புதிதாகச் சரிபார்த்தே சொல்லுங்கள்.

நடித்துப் பார்ப்பது

பிரேசில் நாடகக்காரர் அகுஸ்தோ போவால் 1973-இல் பெரு நாட்டு எழுத்தறிவுத் திட்டத்தில் பயன்படுத்திய நாடக முறை இங்கே நன்றாகப் பிடிக்கும். மேடை, ஒப்பனை எதுவும் வேண்டாம். மூன்று நிமிடக் காட்சி: விரலில் ஊசி குத்திய டெய்லர், ‘மஞ்சள் வைத்துக்கட்டு, நாளைக்கு ஷிப்மென்ட்’ என்கிற சூப்பர்வைசர். காட்சி தோல்வியில் முடிய வேண்டும். மறுபடி அதே காட்சி; இம்முறை பார்ப்பவர் யாரும் கை தட்டி நிறுத்தி, டெய்லரின் இடத்தில் தாம் நின்று வேறு விதமாக முயலலாம். சூப்பர்வைசர் விட்டுக்கொடுக்கக் கூடாது, நிஜத்தில் போலவே முறுக்க வேண்டும். ஒருவர் கத்துவார், ஒருவர் கெஞ்சுவார், நாலாவது ஆள் பக்கத்து மெஷின்காரரைக் கூட அழைத்துக்கொண்டு போவார். பேச்சில் மொழி தடுக்கியவர்கள் இதில் முந்திக்கொள்வார்கள். சூப்பர்வைசராக நடிப்பவர் எப்போதும் உங்கள் குழுவைச் சேர்ந்தவராக இருக்கட்டும். தொழிலாளி ஒருவரை அந்த வேடத்தில் நிறுத்தினால் அடுத்த நாள் லைனில் அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிடும்.

வதந்திக்கும் ஒரு மாலை தேவை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவி, அச்சத்தில் ஊர் திரும்பியவர்கள் உண்டு. ஒரு காணொளியில் பேசுவது என்ன மொழி, பின்னால் கடைப் பலகையில் என்ன எழுத்து, வண்டி எண் எந்த மாநிலம் என்று பார்க்கப் பழகினால் எழுத்தறிவு அங்கே உயிர் காக்கும் வேலை செய்கிறது.

குறை ஒன்று வெளியே வரும்போது

ஏழெட்டு வாரத்தில் யாராவது ஒருவர் உண்மையான பிரச்சினையைச் சொல்வார்: மூன்று வாரப் பாக்கி, பிடுங்கி வைத்த ஆதார், பெண்களிடம் கைநீட்டும் மேற்பார்வையாளர். உடனே கம்பெனிக்குப் போன் செய்யாதீர்கள். நீங்கள் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். இரவு ஹாஸ்டலில் அறையைக் காலி செய்யச் சொல்வது அவரைத்தான்.

முதலில் அவர் என்ன விரும்புகிறார் என்று கேளுங்கள். தேதி, ஷிப்ட், வாங்கிய தொகை இவற்றை அவரே ஒரு நோட்டில் எழுதட்டும். அன்றாடம் எழுதிய நோட்டு பின்னால் பெரிய துணை. அதே பாதிப்பு இன்னும் எத்தனை பேருக்கு என்று பாருங்கள், மூவராவது சேர்ந்து போவது பாதுகாப்பு. காண்ட்ராக்டர், கம்பெனி, தொழிற்சங்கம், தொழிலாளர் துறை என்று எந்தப் படியில் கேட்பது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். இலவச சட்ட உதவி பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் சட்டப்படியே உண்டு, தேசிய எண் 15100. பாலியல் தொல்லை என்றால் பொது வட்டத்தில் பேசவே கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், அதைவிடச் சிறிய இடம் என்றாலும் புகார் முதலாளி மீதே என்றாலும் மாவட்ட உள்ளூர்க் குழு. பெண் ஒருவர் கூடவே போக வேண்டும்.

பாதுகாப்புக்காக: புகைப்படம் எடுக்காதீர்கள். ஆதார் நகல் வாங்கி வைக்காதீர்கள். வருகைப் பதிவேட்டில் கம்பெனிப் பெயர் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும், காண்ட்ராக்டரின் ஆள் ஒருவர் உள்ளே இருந்தால் போதும். தொடக்கத்தில் வாய்வழித் தகவலே போதும்.

கைமாற்றுவது

பன்னிரண்டாவது வாரத்துக்குள் வட்டத்தின் முதல் பத்து நிமிடத்தை அவர்களில் ஒருவர் நடத்த வேண்டும், பதினாறாவது வாரத்துக்குள் படத்தைச் சுற்றிய பேச்சை. நன்றாக எழுதுபவரைத் தேடாதீர்கள், மற்றவர் பேசும்போது காது கொடுப்பவரைத் தேடுங்கள். இருவராகப் பொறுப்புக் கொடுங்கள், வேறு வேறு மாநிலத்தவராக, ஒருவராவது பெண்ணாக. ஊருக்குப் போனால் மூன்று மாதம் வர மாட்டார்கள் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

அட்டைகள், சார்ட், மார்க்கர், கண்ணாடி எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருக்கட்டும். பெட்டி உங்கள் வீட்டில் இருக்க வேண்டாம், லைன் வீட்டில் இருக்கட்டும். சாவி இரண்டு போடுங்கள். ஒன்று தீபாவளிக்கு ஊர் போகிறவரிடம், இன்னொன்று சட் பூஜைக்கும் இங்கேயே இருப்பவரிடம்.